பேஸ்பாலில் தலைசிறந்தவர் யார்: ஒரு பழைய வழக்கும் அதன் அளவுகோல்களும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பாலுக்கென்று ஒரு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழ்மண்டபம், இருக்கிறது. அதில் இடம்பெறத்தக்க ஆட்டக்காரர்களை முதன்முதலில் தேர்ந்தெடுத்தது 1936-இல். விளையாட்டுச் செய்தியாளர்கள் 226 பேர் வாக்களித்தார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பெயர்கள் வரை எழுதலாம். நான்கில் மூன்று பங்கு வாக்கு பெற்றவர் உள்ளே போகலாம். டை காப் 222, பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலா 215, கிறிஸ்டி மேத்யூசன் 205, வால்டர் ஜான்சன் 189 என ஐவர் தேறினார்கள். இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேப் ரூத் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றது அதற்கு முந்தைய ஆண்டுதான். அவர் அடித்த ஹோம் ரன்கள் எல்லோர் நினைவிலும் புதிதாக இருந்தன. இருந்தும், பத்துப் பெயர் எழுத இடமிருந்த தாளில் அவர் பெயரை எழுதாமல் விட்டவர்கள் 11 பேர். அதைவிட வியப்பானது, காப் அவரைவிட அதிக வாக்கு பெற்றார் என்பது. இன்றைக்கு இதே கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் ரூத்தை மேலேயும் காப்பைக் கீழேயும் வைப்பார்கள். இருவருமே 1936-க்குப் பிறகு பெரிய அணி எதற்காகவும் ஒரு பந்தைக்கூட ஆடவில்லை. எனவே மாறியது அவர்களுடைய ஆட்டமாக இருக்க முடியாது; அதை அளக்கும் கோல்தான் மாறியிருக்கிறது.

பேஸ்பாலில் யார் தலைசிறந்தவர் என்ற வாதத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான். வாதிடுவோர் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஆளுக்கொரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வெளியே காட்டாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஓர் அணி மூன்று அவுட் ஆகும்வரை பேட் செய்யும். பிட்சர் எறியும் பந்தை அடித்துவிட்டு, வைர வடிவத்தில் அமைந்த நான்கு பேஸ்களையும் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை மிதித்தால் ஒரு ரன். பந்து எல்லைக் கோடுகளுக்குள்ளாகவே பறந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். அடித்தவரும் பேஸ்களில் நின்றவர்களும் நடந்தே வந்து ரன் சேர்க்கலாம். பேட்டர் அடிக்கக்கூடிய இடத்தில் விழாமல் தவறாக வந்த பந்துகளை அவர் தொடாமல் விட்டு, அவை நான்கானால், முதல் பேஸுக்குச் சும்மாவே போகலாம்; இதற்கு ‘வாக்’ என்று பெயர். இந்த வாக் என்னும் சிறு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்கும் ரூத்துக்கும் இடையிலான வழக்கில் பாதி இதில்தான் இருக்கிறது.

பழைய கோல்: பேட்டிங் சராசரி

கிரிக்கெட்டில் சராசரி என்றால் எடுத்த ரன்களை அவுட் ஆன தடவைகளால் வகுப்பது. பேஸ்பாலின் பேட்டிங் சராசரி வேறு. எத்தனை தடவை அடிக்க முயன்றார், அதில் எத்தனை தடவை அடித்துப் பத்திரமாக பேஸை அடைந்தார் (இதற்கு ‘ஹிட்’ என்று பெயர்) என்ற விகிதம்தான் அது. பத்தில் மூன்று தடவை வென்றால் 0.300; அதுவே நல்ல பேட்டருக்கு அடையாளம். அதாவது பத்தில் ஏழு தடவை தோற்பவரைத்தான் இந்த ஆட்டம் வல்லவர் என்கிறது. டை காப் 1905 முதல் 1928 வரை ஆடிய தம் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 0.367 வைத்திருந்தார். 1936-இல் வாக்களித்தவர்கள் வளர்ந்ததே இந்த எண்ணைப் பார்த்துத்தான். அதனால் அவரை முதலில் வைத்தது அவர்களுக்கு இயல்பாக இருந்தது.

இந்த எண்ணின் மயக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு 1941-ஆம் ஆண்டின் கடைசி நாளைச் சொல்லலாம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அன்று காலையில் 448 முயற்சிகளில் 179 ஹிட் அடித்திருந்தார். வகுத்துப் பார்த்தால் 0.39955, மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 0.400. அணியின் மேலாளர் ஜோ குரோனின், வேண்டுமானால் இன்று ஆடாமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தால் அந்த எண் அப்படியே பதிவாகியிருக்கும். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு, பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முயற்சிகளில் ஆறு ஹிட் அடித்தார். 456-க்கு 185, சராசரி 0.406. அதற்குப் பிறகு பெரிய லீகுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ ஒரு முழுப் பருவத்தில் 0.400-ஐ எட்டியவர் ஒருவரும் இல்லை.

இருந்தும் அந்த ஆண்டின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது வில்லியம்ஸுக்குக் கிடைக்கவில்லை. 56 ஆட்டங்களில் தொடர்ந்து குறைந்தது ஒரு ஹிட்டாவது அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போயிற்று. அவருடைய சராசரி 0.357. வாக்களித்தவர்கள் பார்த்தது அணியின் வெற்றியை என்று தோன்றுகிறது: டிமாஜியோவின் நியூயார்க் யாங்கீஸ் முதலிடம் பிடித்தது, ரெட் சாக்ஸ் 17 ஆட்டங்கள் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. ‘சிறந்தவர்’ என்ற சொல்லுக்குள் ‘வென்ற அணியில் இருந்தவர்’ என்ற பொருளும் ஓசையின்றி நுழைந்துகொள்வதை இங்கே காணலாம். ஒன்பது பேரில் ஒருவராக ஆடுபவரிடம் அணியின் வெற்றி தோல்விக்கு முழுக்கணக்குக் கேட்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

சராசரி எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பார்ப்போம். வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் 147 தடவை வாக் பெற்றார். பேட்டிங் சராசரியில் அவை வரவே வரா. முயற்சி என்ற கணக்கிலேயே சேர்வதில்லை. ஆனால் முதல் பேஸில் நிற்பவர் ஹிட் அடித்து வந்தாரா, சும்மா நடந்து வந்தாரா என்பது அடுத்து வரும் பேட்டருக்கு ஒன்றுதான். அவுட் ஆகவில்லை என்பதுதான் பொருட்டு. எனவே ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டுப் போவது மூன்றையும் கூட்டி, மொத்தத் தடவைகளால் வகுத்துக் கிடைப்பதை ஆன்-பேஸ் விகிதம் என்கிறார்கள். வில்லியம்ஸுக்கு 606 தடவைகளில் 335, அதாவது 0.553. டிமாஜியோவுக்கு 0.440. சராசரியில் 0.049 ஆக இருந்த இடைவெளி இங்கே 0.113 ஆக விரிகிறது.

சராசரி காட்டாத இன்னொன்று அடியின் வலிமை. ஒரு பேஸ் வரை போகும் அடியும் ஹோம் ரன்னும் அதற்குச் சமம். இந்தக் குறையைத் தீர்க்க, ஒரு பேஸ் அடிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று மதிப்புக் கொடுத்துக் கூட்டி, முயற்சிகளால் வகுப்பது ஸ்லக்கிங் விகிதம். இப்போது காப்பையும் ரூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பேட்டிங் சராசரி: காப் 0.367, ரூத் 0.342. ஆன்-பேஸ்: காப் 0.433, ரூத் 0.474. ஸ்லக்கிங்: காப் 0.512, ரூத் 0.690. முதல் வரியில் முந்தியவர் அடுத்த இரண்டு வரிகளிலும் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறார். 1970-களுக்குப் பிறகு பில் ஜேம்ஸ் போன்ற புள்ளிவிவர ஆய்வாளர்கள் எந்த எண் உண்மையில் ரன்களாக மாறுகிறது என்று ஆராயத் தொடங்கியபோது, பின்னிரண்டுமே ரன்களோடு நெருங்கி நிற்பவை என்பது தெளிவாயிற்று. காப் கீழே இறங்கிய கதை இவ்வளவுதான்.

காலத்தோடு ஒப்பிடுவது

அடுத்த சிக்கல் காலம். பிட்சர்களை அளக்கும் எண் ஒன்று உண்டு: ஒன்பது இன்னிங்ஸுக்குத் தம் பொறுப்பில் எத்தனை ரன் கொடுத்தார் என்பது. 1968-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் 1.12 மட்டுமே கொடுத்தார். 2000-இல் பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினஸ் 1.74 கொடுத்தார். கிப்சன்தான் மேல் என்று தோன்றும். ஆனால் 1968-இல் எல்லாப் பிட்சர்களுமே கொடி கட்டிப் பறந்தார்கள். நேஷனல் லீகின் மொத்தச் சராசரியே 2.99-தான்; அமெரிக்கன் லீகில் 0.301 அடித்தவரே அந்த ஆண்டின் முதல் பேட்டர். நிலைமை இப்படிப் போனதால் பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரத்தை அடுத்த ஆண்டே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். மார்ட்டினஸ் ஆடிய 2000-இலோ அமெரிக்கன் லீகில் சராசரி 4.91. சுற்றியிருந்தவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்று பார்த்தால் மார்ட்டினஸின் பருவமே பெரியது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. டொனால்ட் பிராட்மனின் 99.94 நம்மைத் திகைக்க வைப்பதற்குக் காரணம், எவரோடு ஒப்பிட்டாலும் அவர்கள் அறுபதை ஒட்டி நின்றுவிடுகிறார்கள் என்பதுதான். பேஸ்பாலில் அதற்கு ஈடான காட்சி 1920-இல் நடந்தது. ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீகில் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அந்த லீகின் மற்ற ஏழு அணிகளில் எதுவும், முழு அணியாகச் சேர்ந்துகூட, 54-ஐத் தொடவில்லை. (பிராட்மனும் ரூத்தும் 1932-இல் நியூயார்க்கில் சந்தித்து, அருகருகே அமர்ந்து ஓர் ஆட்டம் பார்த்திருக்கிறார்கள்.)

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. 1920-இல் எச்சில் தடவிய பந்தெறிவுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிளீவ்லேண்டு அணியின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்துபோனதால், அழுக்கேறி மங்கிய பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கமும் வலுப்பெற்றது. பேட்டர்களுக்குச் சாதகமான காலம் பிறந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அதை உணர்வதற்கு முன்னால் ரூத் உணர்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்று இவர்கள் சொல்வார்கள். இன்னும் ஆழமான மறுப்பைச் சொன்னவர் ஸ்டீபன் ஜே கூல்டு என்ற தொல்லுயிரியலாளர், தீராத பேஸ்பால் பித்தர். 0.400 அடிப்பவர்கள் மறைந்துபோனது ஏன் என்று கேட்டு, பேட்டர்கள் மோசமாகிவிட்டதால் அன்று, எல்லோரும் தேறிவிட்டதால் என்று விடை சொன்னார். ஓர் ஆட்டம் முதிரும்போது பலவீனமானவர்கள் வெளியேறுவதால், உச்சிக்கும் நடுவுக்கும் இருந்த தூரம் சுருங்குகிறது. அப்படியானால் சுற்றியிருந்தவர்களைவிட வெகுதூரம் விலகி நிற்பது ரூத்தின் காலத்தில் எளிது, இன்று மிகக் கடினம். இதை ஒப்புக்கொண்டால், விலகி நின்ற தூரத்தையே பெருமையாகச் சொல்வோரின் கை சற்றுத் தளர்ந்துவிடுகிறது.

ஒரு கேட்சும் ஒரு ஹோம் ரன்னும்

மைதானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை விளக்க ஒரே ஓர் ஆட்டம் போதும். 1954 செப்டம்பர் 29, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ், இரண்டு லீகுகளின் வெற்றி அணிகளும் மோதும் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 2-2 என்று சமநிலை. கிளீவ்லேண்டு அணிக்கு இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். விக் வெர்ட்ஸ் நடுத்திசையில் 420 அடி தூரம் போகும்படி ஓர் அடி அடிக்கிறார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் வில்லி மேஸ் பேட்டருக்கு முதுகைக் காட்டி, வேலியை நோக்கி ஓடுகிறார். ஓடிக்கொண்டே, தலைக்கு மேலாக வந்து விழும் பந்தைத் தோளுக்கு முன்னால் ஏந்துகிறார். பிடித்த வேகத்தில் உடலைத் திருப்பி, தொப்பி பறக்க, பந்தை உள்ளே எறிகிறார். இரண்டாவது பேஸில் நின்ற லாரி டோபி மூன்றாவது பேஸுக்கு மேல் போக முடியவில்லை. ரன் இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலப்புற மூலையில் ஏறத்தாழ 260 அடி போகும்படி ஒரு பந்தை உயர்த்தி அடிக்கிறார். அந்த மைதானத்தில் வலது கோட்டின் ஓரம் வேலி 260 அடிகூட இல்லை. ஆனால் நடுத்திசையில் 450 அடிக்கும் மேல். ரோட்ஸின் அடி ஹோம் ரன் ஆயிற்று. ஜயன்ட்ஸ் 5-2 என்று வென்றது. அன்றைய பதிவேட்டில் 420 அடி பறந்த பந்து ஓர் அவுட், அதைவிட 160 அடி குறைவாகப் பறந்த பந்து வெற்றிக்கான ஹோம் ரன்.

இதனால்தான் இன்றைய கணக்காளர்கள் ஆட்டக்காரரின் எண்களை அவர் ஆடிய மைதானத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் சரிசெய்கிறார்கள். கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில், காற்று அடர்த்தி குறைந்த டென்வரில் அடித்த ஹோம் ரன்னும், எதிர்க்காற்று வீசும் கடலோர மைதானத்தில் அடித்த ஹோம் ரன்னும் ஒரே விலைக்குப் போகக் கூடாது. ஆன்-பேஸ், ஸ்லக்கிங் இரண்டையும் கூட்டி, இப்படிச் சரிசெய்து, லீகின் சராசரியை 100 என்று வைத்துச் சொல்லும் ஓர் எண் உண்டு. அதில் ரூத்துக்கு 206, டெட் வில்லியம்ஸுக்கு 191, பாரி பாண்ட்ஸுக்கு 182, காப்புக்கு 168.

மேஸ் பிடித்த அந்த கேட்சோ இந்த எண் எதிலும் இல்லை. பேட்டிங், பேஸ்களில் ஓட்டம், ஃபீல்டிங், ஆடும் இடத்தின் கடினம் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடும் முயற்சியாக வந்ததுதான் ‘வார்’ என்ற எண். போர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிப்பது தற்செயல். ஆனால் அதைச் சுற்றி நடக்கும் சண்டைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அதன் கருத்து எளிமையானது. ஓர் ஆட்டக்காரர் நாளை காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டால், கீழ்நிலை லீகிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தலாம். அந்த மாற்று ஆளைவிட இவர் தம் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தேடித் தந்தார் என்பதே வார். அப்படிப்பட்ட மாற்று ஆட்களை மட்டுமே வைத்து ஓர் அணி அமைத்தால், 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 48 வெல்லும் என்று கணக்கு. தோராயமாகப் பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம். இந்தக் கணக்கில் வாழ்நாள் மொத்தமாக ரூத் 180-க்கு மேல் நிற்கிறார். அவர் முதலில் சிறந்த பிட்சராக இருந்து 94 ஆட்டங்கள் வென்றதும் அதில் சேர்ந்திருக்கிறது. பாண்ட்ஸ் 160-ஐச் சற்றுத் தாண்டியும், மேஸ் 156-ஐ ஒட்டியும், காப் 150-ஐ ஒட்டியும் வருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் இந்த எண்ணைப் பார்த்தவுடன் வழக்கு முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. வாரைக் கணக்கிடும் இரண்டு முக்கியத் தளங்களான பேஸ்பால் ரெஃபரன்ஸும் ஃபேன்கிராஃப்ஸும் ஒரே பிட்சருக்கு வெவ்வேறு எண் தருகின்றன. ஏனெனில் ஒன்று அவர் கொடுத்த ரன்களிலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று ஸ்டிரைக்-அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), வாக், கொடுத்த ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. ஃபீல்டிங் இன்னும் மோசம். இன்றைக்கு மைதானத்தில் பொருத்திய கருவிகள் ஒவ்வோர் அடியையும் ஓட்டத்தையும் அளக்கின்றன. 1954-இல் இருந்தது பென்சிலும் தாளும். அந்தத் தாள்களிலிருந்து மதிப்பிட்டு எடுத்த எண்ணில் நான்கைந்து வெற்றி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒருவரை இன்னொருவருக்கு மேலே ஏற்றுவது, மளிகைக் கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது.

உச்சமா, நீளமா?

சாண்டி கூஃபாக்ஸ், டான் சட்டன் என்று இரண்டு பிட்சர்கள். 1966-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் ஒன்றாக இருந்தார்கள். கூஃபாக்ஸுக்கு அது கடைசி ஆண்டு, சட்டனுக்கு முதல் ஆண்டு. கூஃபாக்ஸ் அந்தப் பருவத்தில் 27 ஆட்டங்கள் வென்று, 1.73 என்ற எண்ணோடு, இடது முழங்கை மூட்டு வலி தாங்காமல் 30 வயதில் விலகிக்கொண்டார். வாழ்நாளில் வென்றது 165. ஆனால் 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகளும் தம் லீகில் மிகக் குறைவாக ரன் கொடுத்தவர் அவரே. சட்டன் 1988 வரை, 23 பருவங்கள் எறிந்தார், 324 வென்றார், ஒரு தடவைகூட ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றதில்லை. கூட்டிப் பார்த்தால் சட்டன் பெரியவர். ஒரே ஓர் ஆட்டத்தை வென்றாக வேண்டும் என்றால் எந்த மேலாளரும் பந்தைக் கூஃபாக்ஸ் கையில்தான் கொடுத்திருப்பார். வாழ்நாள் மொத்தத்தையும் மிகச்சிறந்த ஏழு பருவங்களின் மொத்தத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் முறை ஒன்றை ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் உருவாக்கியிருக்கிறார்; அது நல்ல சமரசம், ஆனால் சமரசம்தான்.

நீளத்தை அளக்கும்போது, ஆடாத ஆண்டுகளை என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். டெட் வில்லியம்ஸ் 1943 முதல் 1945 வரை இரண்டாம் உலகப் போரிலும், 1952, 1953-இன் பெரும்பகுதி கொரியப் போரிலுமாக, ஏறத்தாழ ஐந்து பருவங்களைப் படைக்குக் கொடுத்தார். மேஸும் இராணுவச் சேவையில் ஏறத்தாழ இரண்டு பருவங்களை இழந்தார். வில்லியம்ஸின் 521 ஹோம் ரன்னோடு கற்பனையாக இன்னும் நூற்றைம்பது சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பதில்லை, ஆனால் அவர் 521-இல் நின்றுவிட்டார் என்பதை ஒரு குறையாகவும் எண்ணுவதில்லை.

ஆடவே விடப்படாதவர்கள்

வில்லியம்ஸ் 1966-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஆற்றிய உரையில், சாட்சல் பேஜ் என்ற பிட்சர், ஜாஷ் கிப்சன் என்ற பேட்டர் ஆகிய கறுப்பின ஆட்டக்காரர்களின் பெயரும் ஒருநாள் இங்கே சேர வேண்டும், வாய்ப்புக் கிடைக்காத ஒரே காரணத்தால் அவர்கள் இங்கே இல்லை என்று பொருள்படப் பேசினார். 1947 ஏப்ரல் 15-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கும்வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய லீகுகள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தன. அவர்கள் தங்களுக்கெனத் தனி லீகுகள் நடத்திக்கொண்டார்கள். 1936-இல் அந்த 226 பேர் வாக்களித்தபோது கிப்சனும் பேஜும் திறமையின் உச்சத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டம் அந்த வாக்காளர்களின் கணக்கிலேயே வரவில்லை. பேஜுக்கு 1948-இல், 42 வயதில்தான் பெரிய லீகில் எறிய வாய்ப்புக் கிடைத்தது. கிப்சனுக்கு அதுவும் இல்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார்.

1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பர் லீகுகளைப் பெரிய லீகுகளாக ஏற்பதாக மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் அறிவித்தது. பழைய செய்தித்தாள்களிலிருந்து ஆட்டம் ஆட்டமாகத் திரட்டிய எண்கள் 2024 மே மாதம் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தன. அன்று, டை காப் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வைத்திருந்த முதலிடம் போயிற்று. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் கிப்சனுக்கு 0.372, ஸ்லக்கிங்கில் 0.718, ரூத்தைவிடவும் மேல்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? காப் 11,000-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் எடுத்த சராசரி அது. கிப்சனுக்குப் பதிவாகியிருப்பது அதில் கால் பங்குக்கும் குறைவு. கறுப்பர் லீகுகளின் பருவங்கள் குறுகியவை. அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் கணக்கில் வரவில்லை. கிப்சனின் எண் சிறியது, ஆகவே நம்ப முடியாது என்று ஒருவர் சொல்லலாம். அப்படிச் சொல்பவர் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்: காப்பும் ரூத்தும் தங்கள் லீகில் பேஜைப் போன்ற ஒரு கறுப்புப் பிட்சரை ஒரு தடவைகூடச் சந்திக்க வேண்டியிருந்ததில்லை. ஒருவருடைய எண்ணிக்கை குறைந்ததற்கும் இன்னொருவருடைய எதிராளிகள் குறைந்ததற்கும் காரணம் ஒன்றே. கிப்சனின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட விரும்புவோர் 1947-க்கு முந்தைய எல்லா எண்களுக்கும் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

நட்சத்திரக் குறி என்றதும் பாரி பாண்ட்ஸ் நினைவுக்கு வராமல் இரார். 762 ஹோம் ரன், ஒரே பருவத்தில் 73, ஏழு மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருதுகள். மூன்றுமே யாரும் எட்டாதவை. 2004-இல் பிட்சர்கள் அவருக்கு எறியவே அஞ்சி 232 தடவை நடக்கவிட்டார்கள், அதில் 120 வேண்டுமென்றே. அவருடைய ஆன்-பேஸ் விகிதம் 0.609. ஆனால் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவரை விடவில்லை. தெரிந்து எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் தரப்பு. ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் பத்தாவதும் கடைசியுமான 2022-இல் 66 சதவீதம் பெற்றார்; தேவை 75. நேர்மை கோலின் ஒரு பகுதியா என்ற கேள்வியை இங்கே எண்களால் தீர்க்க வழியில்லை. 4,256 ஹிட் அடித்தும், பந்தயம் கட்டியதற்காக 1989-இல் தடை செய்யப்பட்டு, உயிரோடிருந்தவரை உள்ளே வர முடியாமலே போன பீட் ரோஸின் வழக்கும் இந்த வகைதான்.

இதற்கிடையில், மூடிவிட்டதாக நினைத்த ஒரு பக்கத்தை ஜப்பானிலிருந்து வந்த ஷோஹெய் ஒடானி திறந்திருக்கிறார். ரூத் பிட்சராகவும் பேட்டராகவும் ஒருசேர முழுவீச்சில் ஆடியது 1918, 1919 ஆகிய இரண்டு பருவங்கள்தான். பிறகு எறிவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஒடானி 2021, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இரண்டு வேலைகளையும் செய்து, ஒரு வாக்கும் சிதறாமல் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் ஆனார். முழங்கை அறுவைச் சிகிச்சையால் எறிய முடியாத 2024-இல் 54 ஹோம் ரன் அடித்து, 59 பேஸ் திருடினார் (யாரும் அடிக்கக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத் திருடுவது என்பார்கள்); ஒரே பருவத்தில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அதற்கு முன் இல்லை. கூல்டின் வாதத்தை ஏற்றுக்கொண்டவர்கள், எல்லோரும் தேறிவிட்ட காலத்தில் ஒருவர் இப்படி விலகி நிற்பதை ரூத்தின் 1920-ஐவிடப் பெரிதாக எண்ண வேண்டியிருக்கும். அவருடைய வாழ்நாள் கணக்கு முடிய இன்னும் நாளிருக்கிறது.

என் அளவுகோலையும் காட்டிவிடுகிறேன். ராபின்சனுக்குப் பிந்தைய, எல்லோரும் ஆடிய களத்தில், அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது எல்லாவற்றையும் நீண்டகாலம் செய்தவருக்கே நான் முதலிடம் தருவேன். அந்தக் கோலில் 660 ஹோம் ரன்னும் ஃபீல்டிங்குக்கான 12 தங்கக் கையுறை விருதுகளும் பெற்ற வில்லி மேஸ் முதலில் வருகிறார். அந்த விருதே 1957-இல்தான் தொடங்கியது, 1954-இன் கேட்சுக்கு அது கிடைக்க வழியே இருக்கவில்லை. ரூத் எனக்கு இரண்டாமவர். வில்லியம்ஸ், பாண்ட்ஸ் இருவரையும் பேட்டர்கள் என்ற முறையில் மேஸுக்கு மேலே வைப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஜாஷ் கிப்சன் பெயரை எழுதிவிட்டு, அதற்கு எதிரே எண் போடாமல் விட்டிருக்கிறேன்.